அச்சகத்துக்குப் போகும் ஃபைலும் அண்ணாச்சி தரும் அட்வான்ஸும்

மதுரை, விருதுநகர், திண்டுக்கல் பக்கம் வீட்டிலிருந்தபடியே தனியாக டிசைன் தொழில் நடத்த நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மதுரையில் இருக்கிறேன். மாடியில் ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர், கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ். லோகோ, மசாலா பாக்கெட் லேபிள், கல்யாணப் பத்திரிகை, பள்ளி ஆண்டு மலர், சின்னக் கடைகளுக்கு வெப்சைட், இவைதான் என் பிழைப்பு. வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மட்டும் வேலை பார்ப்பவர்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படம் போடுவதற்காக மட்டும் யாரும் நம்மைத் தேடி வருவதில்லை. கேன்வா என்ற டிசைன் ஆப்பில் வாடிக்கையாளரின் மகளே போட்டுவிடுவாள், நன்றாகவும் போடுவாள். அந்தப் படம் சிவகாசிக்குப் போய் ஐயாயிரம் கவராக அச்சாக வேண்டும், தமிழ் எழுத்து உடையாமல் இருக்க வேண்டும், உணவுப் பாதுகாப்பு அலுவலர் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் குறை சொல்ல இடமிருக்கக் கூடாது. வெப்சைட் என்றால் மூன்று வருடம் கழித்தும் திறக்க வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளும் ஆளுக்குத்தான் இங்கே காசு. தொழிலின் மற்ற எல்லா முடிவுகளையும் நான் இதை வைத்துத்தான் எடுக்கிறேன்.

விலை எப்படிச் சொல்வது

“சும்மா ஒரு லோகோதானம்மா, எவ்வளவு ஆகும்?” என்று ஃபோனில் கேட்பார்கள். ஃபோனிலேயே தொகை சொல்லாதீர்கள். சொன்ன தொகை அப்படியே நிற்கும். வேலை மட்டும் பின்னால் வளர்ந்துகொண்டே போகும். “என்ன தொழில், எங்கே எல்லாம் வரப்போகுது, எப்போ வேணும், கேட்டுட்டு சாயந்திரம் எழுதி அனுப்புறேங்க” என்று சொல்லிவிடுங்கள். இந்தப் பதிலுக்கே சிலர் ஃபோனை வைத்துவிடுவார்கள். போகட்டும்.

எழுதி அனுப்புவதற்கு முன் உங்கள் ஒரு மணி நேரத்தின் விலை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வீட்டுக்கு மாதம் 40,000 ரூபாய் தேவை என்று வையுங்கள். சாஃப்ட்வேர் சந்தா, இன்டர்நெட், கரண்ட், ஆடிட்டர், சில வருடங்களுக்கொரு முறை மாற்ற வேண்டிய கம்ப்யூட்டருக்கான ஒதுக்கீடு எல்லாம் சேர்த்து 12,000. வேலை வராத மாதத்துக்காக எடுத்து வைப்பது 8,000. ஆக 60,000. அடுத்து நேரம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் காசாகும் நேரம் நாலு மணிதான். மீதியெல்லாம் ஃபோன், வாட்ஸ்ஆப், அச்சகத்துக்கு அலைவது, பாக்கி கேட்பது. மாதம் 22 நாள், நாளுக்கு 4 மணி என்றால் 88 மணி நேரம். வகுத்தால் 682 வரும், 700 என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண்ணை வாடிக்கையாளரிடம் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கொத்தனார் சம்பளத்தோடு ஒப்பிட ஆரம்பித்துவிடுவார். அவருக்கு வேலைக்கு ஒரு தொகை, உங்களுக்கு உள்ளே மணிக்கணக்கு, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கில்தான் நான் ஒரு புது லேபிளுக்கு 6,000, லோகோவுக்கு 12,000, ஐந்து பக்க வெப்சைட்டுக்கு 35,000 என்று வைத்திருக்கிறேன். உங்கள் செலவு வேறு என்றால் எண்ணும் வேறாகும். விசிட்டிங் கார்டை மட்டும் தனியாக எடுப்பதில்லை. கார்டு அடிக்கும் கடையிலேயே இலவசமாகச் செய்து தருகிறார்கள். அங்கே போய்ப் போட்டி போட்டு மிச்சமாகப்போவது ஒன்றுமில்லை.

“முதல்ல ரெண்டு சாம்பிள் காட்டுங்க, பிடிச்சா பார்ப்போம்” என்பவர்களுக்கு நான் பழைய வேலைகளை எடுத்துக் காட்டுவேன். அதே தொழிலில், அதே அளவுக் கடைக்குச் செய்ததாகப் பார்த்துக் காட்ட வேண்டும். ஜவுளிக்கடைக்காரரிடம் ஜிம் போஸ்டரைக் காட்டினால் எடுபடாது. அதைப் பார்த்த பிறகும் இலவச சாம்பிள் கேட்டால் வேலை வேண்டாம். இன்னொன்று, பெண்களுக்கு: “சார் யாரும் இல்லையா, அவர்கிட்ட பேசணும்” என்று கேட்பவர்களும் உண்டு. “நான்தாங்க செய்றேன், சொல்லுங்க” என்று ஒரே வரி, அடுத்த வரியில் வேலையைப் பற்றிய கேள்வி. அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

எழுதி அனுப்பும் செய்தி

ஒப்பந்தப் பத்திரம், முத்திரைத்தாள் எல்லாம் நம் ஊர் சின்ன வேலைக்கு ஒத்துவராது. நீட்டினாலே அண்ணாச்சிகள் பின்வாங்கிவிடுவார்கள். வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி போதும். ஆனால் அதில் எல்லாம் இருக்க வேண்டும். நான் அனுப்புவது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

“அண்ணாச்சி வணக்கம். நேத்துப் பேசினதை எழுதி அனுப்புறேன். மிளகாய்த்தூள், மல்லித்தூள், சாம்பார் பொடி, மூணுக்கும் லேபிள். 100 கிராம் சைஸ் மட்டும். முன்பக்கம், பின்பக்கம் சேர்த்து. முதல் லேபிளுக்கு 2 மாதிரி காட்டுவேன், ஒண்ணை நீங்க எடுக்கணும். அதுக்கப்புறம் 2 தடவை திருத்தம். மொத்தம் 14,000 ரூபாய். பாதி முன்பணம் வந்த மறுநாள் வேலை ஆரம்பம், 10 நாள்ல முதல் மாதிரி. மீதி, அச்சு ஃபைல் கொடுக்கிறதுக்கு முன்னாடி. அச்சுச் செலவு, போட்டோ எடுக்கிற செலவு, பார்கோடு வாங்குற செலவு இதுல சேராது. எடை, விலை, லைசென்ஸ் நம்பர், சேர்மானம் எல்லாம் நீங்க எழுத்துல தரணும். இந்த விலை 15 நாளைக்கு. சரின்னா ‘சரி’ன்னு பதில் போடுங்க.”

எது சேராது என்ற பகுதிதான் இதில் முக்கியம். சண்டை எல்லாம் அங்கேதான் வரும். அதே போல “100 கிராம் சைஸ் மட்டும்” என்று எழுதாவிட்டால், 50 கிராமும் 200 கிராமும் “அதையே கொஞ்சம் சின்னதாக்கி” என்று வந்து நிற்கும். லேபிளைச் சின்னதாக்குவது என்றால் எழுத்தெல்லாம் மறுபடி அடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை.

முன்பணம் வராமல் கோரல்டிரா என்ற டிசைன் சாஃப்ட்வேரைத் திறக்காதீர்கள். சொந்தக்காரர் என்றாலும். சொந்தக்காரருக்குக் குறைத்துக் கொடுக்க விரும்பினால் முழுத்தொகையை எழுதி, அதன் கீழே தள்ளுபடியை எழுதுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறைந்த தொகைதான் உங்கள் விலை என்று அவர் மூலமாகவே ஊருக்குள் பரவிவிடும்.

ஆரம்பத்திலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: “இதுக்குக் கடைசியா ஓகே சொல்றது யாருங்க?” குடும்பத் தொழிலில் அண்ணன் பேசுவார், தம்பி பணம் கொடுப்பார், முடிவு மட்டும் அப்பாவிடம் இருக்கும். எல்லாம் முடிந்து அச்சுக்குப் போகும் நேரத்தில் மருமகன் துபாயிலிருந்து “கலர் டல்லா இருக்கே” என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவார். முடிவெடுக்கும் ஆள் முதல் மாதிரியையே பார்த்துவிட்டால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி குறையும். அதனால் முதல் மாதிரியை அனுப்பும்போது அவரையும் சேர்த்து ஒரு குரூப் போட்டுவிடுகிறேன்.

திருத்தம் என்றால் என்ன என்பதிலும் தெளிவு வேண்டும். ஃபோன் நம்பர், விலை, எழுத்துப்பிழை மாற்றுவதை நான் எண்ணுவதில்லை. நிறம், எழுத்து அளவு, படம் மாற்றுவது ஒரு திருத்தம். “வேற மாதிரி ஒண்ணு பண்ணுங்களேன்” என்பது புது வேலை, அதற்குத் தனித்தொகை. திருத்தங்களை ஒவ்வொன்றாக இரவு பதினொரு மணி வரை அனுப்பாமல், எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எண் போட்டு அனுப்பச் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுதும்போதே பாதியை அவர்களே கைவிட்டுவிடுவார்கள்.

அச்சுக்குப் போகும்போது

புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான். திரையில் அழகாக இருப்பதும் காகிதத்தில் சரியாக வருவதும் வேறு வேறு திறமை.

அடிப்படை விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: நிறம் சிஎம்ஒய்கேயில் (அச்சு மைகளின் நான்கு நிற முறை), படங்கள் நிஜ அளவில் 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டுக்கோட்டுக்கு வெளியே நீளும் பகுதி), முக்கியமான எழுத்து வெட்டுக்கோட்டிலிருந்து குறைந்தது இன்னொரு 3 மில்லிமீட்டர் உள்ளே. ஃப்ளெக்ஸ் பேனருக்கு நிஜ அளவில் 72 டிபிஐயே தாராளம், தூரத்திலிருந்துதானே பார்க்கிறார்கள். படங்களை வாட்ஸ்ஆப்பில் போட்டோவாக வாங்காதீர்கள், டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் சுருங்கித்தான் வரும்.

கறுப்பு எழுத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ஆர்ஜிபியில் (திரையின் நிற முறை) செய்த டிசைனை அப்படியே சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால், கறுப்பு எழுத்து நான்கு நிற மைகளும் கலந்த கறுப்பாக மாறிவிடும். ஆஃப்செட் அச்சில் நிறத்துக்கு ஒன்றாக இருக்கும் நான்கு பிளேட்டும் மயிரிழை விலகினாலும் சின்ன எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் எட்டிப் பார்க்கும். லேபிளின் பின்பக்கத்தில் 5 பாயிண்ட்டில் இருக்கும் சேர்மானப் பட்டியல் படிக்கவே முடியாமல் போகும். சின்ன எழுத்தெல்லாம் கறுப்பு மை மட்டும், 100 சதவீதம் என்று நீங்களே கையால் மாற்ற வேண்டும். பெரிய கறுப்புப் பரப்பு என்றால் அதற்கு நேர்மாறு: கறுப்பு மை மட்டும் போட்டால் வெளிறித் தெரியும், கொஞ்சம் நீலமும் சேர்க்க வேண்டும். எவ்வளவு என்று அந்த அச்சகத்திடமே கேளுங்கள். காகிதத்துக்கும் மெஷினுக்கும் தகுந்தபடி அவர்களுக்கு ஒரு அளவு இருக்கும்.

அடுத்தது தமிழ். இதை ஒழுங்காகத் தெரிந்துவைத்திருந்தாலே உங்களுக்கு வேலை குறையாது. நீங்கள் யூனிகோடில், அதாவது ஃபோனிலும் இணையத்திலும் இருக்கும் பொது எழுத்து முறையில், தட்டச்சு செய்வீர்கள். அச்சகத்தில் இன்னும் பழைய கோரல்டிராவும், பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய முறை எழுத்துருக்களும் ஓடிக்கொண்டிருக்கும். யூனிகோடு தமிழைப் பழைய கோரல்டிராவில் ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், “பொங்கல்” என்பதில் துணைக்கால் தனியாகத் தொங்கும். அதனால் அச்சகத்துக்கு எழுத்தாகக் கொடுக்கவே கூடாது. “கர்வ் பண்ணி” கொடுக்க வேண்டும், அதாவது எழுத்தையெல்லாம் கோடுகளாக மாற்றி. கர்வ் செய்த ஃபைல் ஒன்று, எழுத்தாகவே இருக்கும் ஃபைல் ஒன்று, இரண்டையும் தனித்தனிப் பெயரில் சேமியுங்கள். கர்வ் செய்ததில் அப்புறம் ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. கோரல்டிரா ஃபைலே வேண்டும் என்று கேட்டால், எந்த வெர்ஷன் என்று கேட்டு அதற்கு இறக்கிச் சேமித்துக் கொடுங்கள்.

அடோபியில் வேலை செய்பவர்கள் இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போஸரைத் தேர்ந்தெடுத்துவிட்டுத் தமிழை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் அங்கேயும் கொம்பு இடம் மாறும். வாடிக்கையாளர் பழைய பாமினி எழுத்தில் மேட்டர் கொடுத்தால் எழுத்துரு கன்வெர்ட்டர் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவரலாம், ஆனால் மாற்றிய பின் வரிக்கு வரி படிக்க வேண்டும். எண்களும் நிறுத்தற்குறிகளும்தான் அதிகம் மாறிப்போகும்.

எழுத்துருவுக்கு உரிமம் பார்த்துப் பயன்படுத்துங்கள். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், மீரா இனிமை, பவனம், எங்கள் ஊர்ப் பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரை, இவையெல்லாம் கூகுள் ஃபாண்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைப்பவை, வணிகத்துக்கும் தடையில்லை. லோகோவுக்கு மட்டும் எழுத்துருவை அப்படியே போடாமல் எழுத்தைக் கையால் கொஞ்சமாவது வரைந்து மாற்றுங்கள். பக்கத்துக் கடை போர்டிலும் அதே எழுத்து தொங்கினால் வாடிக்கையாளர் முகம் சுருங்கும்.

அச்சுக்கு அனுப்பும் முன் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். நான் பிடிஎஃப் அனுப்பி இப்படி எழுதுவேன்: “இதுல இருக்கிற ஃபோன் நம்பரை நீங்களே ஒரு தடவை டயல் பண்ணிப் பாருங்க. க்யூஆர் கோடை வேற ஒருத்தர் ஃபோன்ல ஸ்கேன் பண்ணிப் பாருங்க. எல்லாம் சரின்னா ‘அச்சுக்கு அனுப்பலாம்’னு டைப் பண்ணுங்க.” கட்டைவிரல் படம் போட்டால் ஏற்பதில்லை. டயல் செய்யச் சொல்வது அதிகப்படியாகத் தோன்றலாம். கண்ணால் பார்க்கும்போது தன் நம்பரை எல்லாரும் சரி என்றே படிப்பார்கள். விரல்தான் பிழையைக் கண்டுபிடிக்கும்.

கல்யாணப் பத்திரிகைக்குச் சம்மதம் வாங்குவது இன்னும் நுணுக்கம். தமிழ்த் தேதி, ஆங்கிலத் தேதி, கிழமை மூன்றும் பொருந்துகிறதா என்று நீங்களே காலண்டரில் பாருங்கள். இனிஷியல்களைப் பெண் வீட்டிலும் மாப்பிள்ளை வீட்டிலும் தனித்தனியாகக் கேளுங்கள். தாய்மாமன் பெயர் எந்த வரியில், பெரியப்பா பெயர் யாருக்கு மேலே என்பதில் உங்கள் கருத்தைச் சொல்லவே சொல்லாதீர்கள். வீட்டில் மூத்தவரிடம் ஒருவரை விட்டு உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். விட்டுப்போன பெயர் அப்போதுதான் வெளியே வரும்.

மசாலா பாக்கெட் ஒன்று

லேபிள் வேலையை ஏன் விரும்பி எடுக்கிறேன் என்றால், அதில் டிசைனருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சட்டம் நிறைய இருக்கிறது. அது தெரிந்தவருக்கு அடுத்த ஆர்டரும் வரும். வீட்டில் பொடி அரைத்து விற்க ஆரம்பிக்கும் அக்காக்கள் பலரும் முன்பக்கத்தை மட்டும் யோசித்துக்கொண்டு வருவார்கள். அம்மா படம், மண்சட்டி, “பாரம்பரிய சுவை”. பாக்கெட்டின் உயிர் பின்பக்கத்தில் இருக்கிறது.

உணவுப் பொருள் என்றால் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் அதன் லோகோவோடு வர வேண்டும். சைவக் குறி: பச்சைக் கோட்டுச் சதுரத்துக்குள் நிரப்பிய பச்சை வட்டம். அசைவத்துக்கு முன்பு பழுப்பு வட்டம் இருந்தது. 2020 லேபிள் விதிகளில் அது பழுப்பு முக்கோணமாக மாறிவிட்டது. கருவாட்டுத் தொக்கு பாக்கெட்டுக்குப் பழைய ஃபைலிலிருந்து வட்டத்தை எடுத்து ஒட்டிவிடாதீர்கள். குறியின் குறைந்தபட்ச அளவும் பாக்கெட்டின் முகப்புப் பரப்பைப் பொறுத்து விதியில் இருக்கிறது. பச்சைப் பின்னணியில் பச்சைக் குறி போட்டால் தெரியாது. சுற்றி வெள்ளை விடுங்கள்.

சேர்மானங்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு வரிசையாக. நிகர எடை, தயாரித்த தேதி, எதற்குள் பயன்படுத்த வேண்டும், பேட்ச் எண், தயாரிப்பாளர் பெயரும் முழு முகவரியும், வாடிக்கையாளர் புகாருக்கான ஃபோனும் மின்னஞ்சலும், அனைத்து வரிகளும் உட்பட அதிகபட்ச விலை. உணவு விதிகளோடு 2011ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுப் பொட்டல விதிகளும் சேர்ந்து கேட்பவை இவை. எழுத்தின் உயரத்துக்குக்கூட விதி உண்டு. தேதியும் விலையும் பேட்ச் எண்ணும் ஒவ்வொரு முறையும் மாறுபவை, ஆகவே அவற்றுக்கு வெற்றிடம் விடுங்கள். அந்த இடத்தில் லேமினேஷன் வழுக்கினால் முத்திரை மை நிற்காது, அச்சகத்திடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பலருக்கும் தெரியாத ஒன்று: இந்த விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தாக வேண்டும் என்பது உணவு விதி. தமிழைக் கூடுதலாகப் போடலாம். தமிழில் மட்டும் போட முடியாது. “நம்ம ஊர்லதானே விக்கிறோம், தமிழ்ல மட்டும் போடுங்க” என்று அக்கா சொன்னால் விதியைக் காட்டி விளக்குங்கள். எனக்கும் இதில் சந்தோஷமில்லை, ஆனால் பிடிபட்டால் பாக்கெட் அவருடையது.

சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகும் பொருளுக்குப் பார்கோடு கேட்பார்கள். பார்கோடு எண் வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பு மூலம் வாங்கும் எண்கள் 890இல் ஆரம்பிக்கும். இணையத்தில் சும்மா உருவாக்கிய எண்ணைப் போட்டுக் கொடுக்காதீர்கள். இஎஎன்-13 என்ற 13 இலக்கப் பார்கோட்டின் இயல்பான அளவு 37.29 மில்லிமீட்டர் அகலம், 25.93 உயரம், 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்கக் கூடாது. சிவப்புக் கோடுகளை ஸ்கேனர் படிக்காது. வெள்ளையில் கறுப்பு, முடிந்தது.

இத்தனையும் நீங்கள் சரிபார்த்தாலும், “விவரங்களுக்குப் பொறுப்பு தயாரிப்பாளருடையது, லைசென்ஸ் எடுத்துக் கொடுத்தவரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்க” என்று எழுதி அனுப்புங்கள். நாம் டிசைனர்கள், வக்கீல்கள் இல்லை.

வெப்சைட்

வெப்சைட் வேலையில் கட்டிக் கொடுக்கும்போது வரும் காசைவிட, வருடா வருடம் வரும் பராமரிப்புக் காசு நிம்மதியானது. ஆனால் அதற்காக வாடிக்கையாளரைக் கட்டிப்போடாதீர்கள். டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில், அவர் கார்டில் வாங்கப்பட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து வாங்க உதவுங்கள், கடவுச்சொல் அவர் நோட்டில் இருக்கட்டும். என்னிடம் வந்த ஒரு பாத்திரக் கடைக்காரருக்கு முந்தைய டிசைனர் தன் பெயரிலேயே டொமைனை வாங்கி வைத்துவிட்டு ஃபோன் எடுப்பதை நிறுத்திவிட்டார். விசிட்டிங் கார்டு, பில் புத்தகம், கடை போர்டு எல்லாவற்றிலும் அந்த முகவரி. கடைசியில் வேறு டொமைன் வாங்கி எல்லாவற்றையும் மறுபடி அடித்தார்கள்.

என் பராமரிப்புக் கட்டணம் வருடத்துக்கு 9,000. ஹோஸ்டிங் (சைட்டை வைத்திருக்கும் சர்வர் வாடகை) செலவு தனி. சைட் ஓடும் வேர்ட்பிரஸ் சாஃப்ட்வேரையும் அதன் ப்ளகின்களையும் புதுப்பிப்பது, மாதம் ஒருமுறை பேக்கப்பை வேறிடத்தில் எடுத்து வைப்பது, படிவம் மின்னஞ்சலுக்குப் போகிறதா என்று சோதிப்பது, சின்னத் திருத்தங்கள் மாதம் ஒரு மணி நேரம் வரை, டொமைன் காலாவதி ஆவதற்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டுவது. என்னென்ன செய்தேன் என்று மூன்று மாதத்துக்கொரு முறை நாலு வரி அனுப்புவேன். அனுப்பாவிட்டால் “ஒண்ணும் செய்யலையே, எதுக்குக் காசு” என்ற கேள்வி நியாயமாகவே வரும்.

கட்டும்போது பெரிய திரையில் பார்த்து மயங்காதீர்கள். இங்கே கடைக்கு வருபவர் குறைந்த விலை ஆண்ட்ராய்டு ஃபோனில், பஸ்ஸில் உட்கார்ந்து பார்க்கிறார். முகப்புப் படம் 200 கேபிக்குள் இருக்கட்டும், வெப்பி (WebP) வடிவில். மேலேயே ஃபோன் பட்டன், வாட்ஸ்ஆப் பட்டன், கூகுள் மேப் வழி. ஆன்லைனில் பணம் வாங்கப்போகிறார்கள் என்றால் பேமெண்ட் கேட்வே நிறுவனம் அனுமதி கொடுக்கும் முன் விதிமுறைகள், தனியுரிமை, பணம் திருப்பித் தருதல், தொடர்பு முகவரி ஆகிய பக்கங்கள் சைட்டில் இருக்கின்றனவா என்று பார்க்கும். அதை முதல் நாளே சொல்லி மேட்டர் வாங்கிவிடுங்கள். மேட்டர் தருவதில்தான் எல்லா வெப்சைட்டும் நிற்கிறது. “எங்களைப் பற்றி” பக்கத்துக்கு நாலு வரி எழுதித் தர வாடிக்கையாளருக்கு மாதக்கணக்கில் ஆகும். அவரை எழுதச் சொல்லாமல் ஃபோனில் கேள்வி கேட்டு, பதிவு செய்து, நீங்களே எழுதுங்கள்; அதற்கும் ஒரு தொகை போடுங்கள்.

பாக்கி

அச்சு ஃபைலைக் கொடுத்த பிறகு காசு கேட்பது, பந்தியில் சாப்பிட்டு எழுந்தவரிடம் மொய் கேட்பது மாதிரி. அதனால்தான் கடைசித் தவணை ஃபைலுக்கு முன்பே. பார்வைக்கு அனுப்பும் படம் குறைந்த தரத்தில், குறுக்கே பெயர் போட்டு. வெப்சைட் முழுப் பணம் வரும் வரை உங்கள் சோதனை முகவரியிலேயே இருக்கட்டும்.

கம்பெனிகள் என்றால் இந்த முறை நடக்காது. பில் அனுப்பி, கணக்குப் பிரிவில் கிடந்து, மாதங்கள் கழித்துத்தான் வரும். இதற்காகவே உத்யம் என்ற குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அரசு தளத்தில் கட்டணமே இல்லை; காசு வாங்கிச் செய்து தருகிறோம் என்ற தளங்களைத் தவிருங்கள். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இடி (குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாடு) சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதைவிடக் கம்பெனிகளை அசைப்பது வருமான வரி விதி: 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை உண்மையில் கட்டும் வருடத்தில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும். பில்லில் உத்யம் எண்ணை அச்சடித்துவிடுங்கள். மார்ச் மாதத்தில் அவர்களுடைய ஆடிட்டரே அவர்களை விரட்டுவார்.

வரி பற்றிச் சுருக்கமாக: வருடம் 20 லட்சம் ரூபாய் தாண்டும் வரை சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தால் டிசைன் வேலைக்கு 18 சதவீதம். சின்னக் கடைக்காரர்கள் அந்த 18ஐப் பார்த்துத் திகைப்பார்கள். பெரிய கம்பெனிகளோ பதிவு இருந்தால்தான் சேர்ப்பார்கள். யார் உங்கள் வாடிக்கையாளர் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். கம்பெனிகள் பணம் தரும்போதே பிடிக்கும் வரியான டிடிஎஸ் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் நீங்களே பாருங்கள். மீதியை ஆடிட்டரிடம் விடுங்கள், அவர் கட்டணம் வீண் போகாது.

லோகோ ஒப்படைக்கும்போது

ஒரு ஃபோல்டரில் வெக்டர் ஃபைல் (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாதது), பின்னணி இல்லாத பிஎன்ஜி, கறுப்பு வெள்ளை வடிவம், நிறங்களின் எண்கள், எழுத்துருவின் பெயர். கூடவே ஒரு பக்கக் கடிதம். வெளியாளாக நாம் வரைந்த லோகோவின் பதிப்புரிமை, காசு கொடுத்துவிட்டதாலேயே தானாக வாடிக்கையாளருக்குப் போய்விடாது. எழுத்தில் மாற்றிக் கொடுக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, அந்தக் கடிதத்தில் எவ்வளவு காலம் என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எந்தப் பகுதி என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். ஆகவே “முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்” என்று எழுதி, முழுப் பணமும் வந்த தேதியைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். என் வேலைப் பட்டியலில் காட்டிக்கொள்ளும் உரிமையை மட்டும் நான் வைத்துக்கொள்வேன். டிரேட்மார்க் பதிவு வேறு விஷயம். பெயரை முடிவு செய்யும் முன்பே பதிவுத் துறையின் பொதுத் தேடலில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

ஆடி மாதம்

வேலை வருடம் முழுக்க ஒரே சீராக வராது. வைகாசி, ஆவணி, தை முகூர்த்தங்களுக்கு முன் பத்திரிகை வேலை குவியும். கோடையில் பள்ளிகள் சேர்க்கைக் கையேடு கேட்கும். தீபாவளிக்கு முன் ஸ்வீட் பாக்ஸும் ஆஃபர் போஸ்டரும். ஆடியில் கல்யாணம் இல்லை, பத்திரிகையும் இல்லை. ஆனால் சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பங்களை (மாதிரிப் புத்தகங்களை) ஆடிப்பெருக்கை ஒட்டித்தான் வெளியிடுவார்கள். அப்போதே நம் கடைக்காரர்களுக்கு ஒரு செய்தி போட்டுவிட வேண்டும்: “அண்ணாச்சி, தினசரி காலண்டர் இந்த வருஷம் எத்தனை? அட்டை டிசைனை இப்பவே முடிச்சுட்டா ஐப்பசி நெருக்கடில மாட்ட வேண்டாம்.” எல்லாரும் பதில் போட மாட்டார்கள். போடுபவர்களிடம் எண்ணிக்கையையும் பழைய காலண்டரின் ஒரு போட்டோவையும் அன்றே வாங்கிவிடுங்கள், முன்பணத்தோடு.